ஒன்றிணைப்புக் கருவி: எதைத் தேர்வது, எப்படி அமைப்பது?

இருகிளை எழுதியது:

ஆறு பேர் கொண்ட எங்கள் குழுவில் பாதிப் பேர் விண்டோஸிலும் மீதிப் பேர் லினக்ஸிலும், நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைப் பயன்படுத்துகிறோம். ஒரே இடத்தை இருவர் வெவ்வேறாக மாற்றி மோதல் வந்தால் அவரவர் கைக்குப் பழகிய கருவியில் தீர்த்துக்கொள்வது என்றே இதுவரை ஓட்டி வந்தோம். சென்ற வாரம் நான் செய்த ஒரு பிழை அந்த வழக்கத்தைப் பற்றி யோசிக்க வைத்தது.

ஒரு கோப்பில் "காலவரம்பு = 30" என்ற வரி இருந்தது. என் கிளையில் (தனியே வளரும் என் பிரதியில்) நான் அதை 60 ஆக்கியிருந்தேன். சக நிரலர் ஒருவர் தம் கிளையில் அந்த வரியையே நீக்கிவிட்டு, அம்மதிப்பை அமைவுக் கோப்பிலிருந்து படிக்கும்படி வேறோர் இடத்தில் எழுதியிருந்தார். ஒன்றிணைத்தபோது மோதல் குறிகளுக்கு (முரண்படும் வரிகளைச் சுற்றிக் கிட் எழுதும் அடையாள வரிகளுக்கு) நடுவே ஒரு பக்கம் என் வரி இருந்தது, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அது நான் புதிதாகச் சேர்த்த வரி, அவரிடம் இல்லாததில் வியப்பில்லை என்று எண்ணி அதை அப்படியே வைத்துக்கொண்டேன். அதன்பின் அமைவுக் கோப்பில் எந்த எண்ணை எழுதினாலும் நிரல் 60 என்றே இயங்கியது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே எல்லோரும் ஒரே கருவிக்கு மாறலாமா என்று பார்க்கிறோம். கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் பியாண்ட் கம்பேரை மெர்ஜ்டூலாக, அதாவது மோதலைத் தீர்க்கக் கிட் திறக்கும் கருவியாக, அமைத்துப் பார்த்தேன். சாளரம் திறக்கிறது, ஆனால் பலகங்கள் எல்லாம் காலியாக இருக்கின்றன. அதுமட்டுமன்றி, நான் எதையும் தொடுவதற்கு முன்பே முனையத்தில் "ஒன்றிணைப்பு வெற்றியா" என்ற கேள்வி வந்து நிற்கிறது. கிட்டைப் போன்ற இன்னொரு முறையான மெர்க்யூரியலில் உள்ள ஒரு பழைய களஞ்சியத்தையும் (நிரல் தொகுப்பையும்) நாங்கள் பராமரிக்க வேண்டியுள்ளது என்பதால், அதற்கும் பொருந்தும் வழி இருந்தால் நல்லது.

(எளிதாகப் படிக்க எல்லாக் கட்டளைப் பெயர்களையும் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். பதில் எழுதுவோரும் அவ்வாறே செய்தால் இழை ஒரே சீராக இருக்கும்.)

முனையவாசி எழுதியது:

உங்களுக்கு நேர்ந்தது கருவியால் வந்த பிழை அன்று. அடிப்பதிப்பைப் பார்க்காமல் முடிவெடுத்ததால் வந்த பிழை. இரு கிளைகளும் பிரிவதற்கு முன் அந்தக் கோப்பு எப்படி இருந்ததோ, அதையே அடிப்பதிப்பு என்கிறேன். ஒரு பக்கம் ஒரு வரி இருந்து மறுபக்கம் இல்லாமல் போனால், அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர் சேர்த்திருக்கலாம், அல்லது மற்றவர் நீக்கியிருக்கலாம். இரு பக்கங்களை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இவற்றில் எது நடந்தது என்பது தெரியாது. அடிப்பதிப்பில் "காலவரம்பு = 30" இருப்பதைக் கண்டிருந்தால், நீங்கள் எண்ணை மாற்றினீர்கள், அவர் வரியை நீக்கினார் என்பது ஒரே பார்வையில் விளங்கியிருக்கும்.

இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கிட்டின் அமைவில் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் என்பதற்கு டிஃப்3 என்ற மதிப்பைக் கொடுத்தால், மோதல் குறிகளுக்கிடையே மூன்றாவதாக அடிப்பதிப்பின் பகுதியும் எழுதப்படும். 2022 ஜனவரியில் வந்த கிட் 2.35 முதல் இசட்டிஃப்3 என்ற மதிப்பும் கிடைக்கிறது. மோதல் பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு பக்கங்களுக்கும் பொதுவாக உள்ள வரிகளை அது குறிகளுக்கு வெளியே தள்ளிவிடுவதால், உண்மையில் வேறுபடும் பகுதி மட்டும் எஞ்சுகிறது. நான் இதையே பயன்படுத்துகிறேன்.

அமைவை மாற்றுவதற்கு முன்பே மோதலில் மாட்டிக்கொண்டிருந்தால், கிட் செக்அவுட் கட்டளைக்குக் கான்ஃப்ளிக்ட் என்ற தெரிவைக் கொடுத்து அக்கோப்பின் குறிகளை மட்டும் புதிய பாணியில் மீண்டும் உருவாக்கலாம். ஆனால் அந்தக் கோப்பில் அதுவரை நீங்கள் கையால் தீர்த்தவை அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். டிஃப்3 என்ற நிரல் 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் கிட் ஏன் அடிப்பதிப்பை மறைப்பதையே இயல்பாக வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாற்சாளரம் எழுதியது:

முனையவாசி சொல்வது சிறிய மோதல்களுக்குப் பொருந்தும். இருநூறு வரி நீளமுள்ள ஒரு செயற்கூறு இரு பக்கமும் மாறியிருக்கும்போது, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துண்டுகளை அடுக்கிக் காட்டினால் கண் அதை ஒப்பிடாது. அப்போது பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் கருவி வேண்டும்.

கேடிஃப்3, பி4மெர்ஜ் ஆகிய இரண்டும் அடிப்பதிப்பு, நம் பதிப்பு, எதிர்ப்பதிப்பு ஆகியவற்றை மேலேயும் விளைவைக் கீழேயும் காட்டும். இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பவை, விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குபவை. உங்கள் குழுவுக்கு இது முதன்மையான காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விம் என்ற முனையத் திருத்தி பழகியவர்களுக்கு விம்டிஃப் போதும். கிட் 2.37 முதல் அதன் சாளர அமைப்பை நாமே எழுதிக்கொள்ளவும் முடிகிறது.

மெல்ட் என்ற கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிட் அதை அழைக்கும்போது நடுப் பலகத்தில் வைப்பது அடிப்பதிப்பை. நீங்கள் திருத்திச் சேமிப்பதும் அந்த நடுப் பலகத்தைத்தான். இதனால் கிட் தானாகவே இணைத்து முடித்த மாற்றங்கள்கூட அங்கே இருக்காது, அவற்றையும் ஒவ்வொன்றாக அம்புக்குறியை அழுத்தி உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். மெர்ஜ்டூல்.மெல்ட்.யூஸ்ஆட்டோமெர்ஜ் என்பதை இயக்கிவிட்டால் மோதலற்ற பகுதிகளை மெல்டே நிரப்பிவிடும். இதை அறியாமல் மெல்டைக் குறைகூறுபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நானும் ஓராண்டு அப்படிக் குறைகூறியவன்தான்.

விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற நிரல் திருத்தியில், அடிப்பதிப்பையும் கணக்கில் கொள்ளும் மும்முனை ஒன்றிணைப்புத் திருத்தி 2022இல் வந்தது. அதற்கு முன் அது குறிகளுக்கு வண்ணம் பூசி மேலே பொத்தான்களைக் காட்டியது, அவ்வளவே. இன்றும் பலர் அந்தப் பழைய முறையில்தான் இருக்கிறார்கள். அங்கே "இரண்டையும் ஏற்றுக்கொள்" என்ற பொத்தானை யோசிக்காமல் அழுத்துவதால் விளையும் கேட்டைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

மேற்கோள்குறி எழுதியது:

காலிப் பலகங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இருகிளை, நீங்கள் அந்தக் கட்டளையை முனையத்தில் இரட்டை மேற்கோளுக்குள் தட்டச்சு செய்தீர்களா?

இருகிளை எழுதியது:

ஆம். கிட் கான்ஃபிக் குளோபல் என்று தொடங்கி, மெர்ஜ்டூலின் சிஎம்டி (கருவியை அழைக்கும் கட்டளை) மதிப்பாக நிரலின் பாதையையும் அதைத் தொடர்ந்து $லோக்கல், $ரிமோட், $பேஸ், $மெர்ஜ்ட் (முறையே நம் பதிப்பு, எதிர்ப்பதிப்பு, அடிப்பதிப்பு, விளைவு ஆகிய கோப்புகளின் பெயர்கள் வர வேண்டிய இடங்கள்) ஆகியவற்றையும் இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தேன். விண்டோஸில் கிட் பேஷ் முனையத்தில்தான் செய்தேன்.

மேற்கோள்குறி எழுதியது:

அதுதான் காரணம். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியுடன் வரும் எதையும் ஷெல் (முனையத்தில் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) அந்த நொடியிலேயே மாறியாகக் கருதி அதன் மதிப்பை இட்டு நிரப்பும். உங்கள் முனையத்தில் $பேஸ் என்ற மாறி எதுவும் இல்லாததால் அவ்விடத்தில் வெறுமை வந்தது. அந்த வெறுமையே அமைவுக் கோப்பில் சேமிக்கப்பட்டது. பின்னர் கிட் கருவியை அழைத்தபோது கொடுப்பதற்குக் கோப்புப் பெயர் எதுவுமே இல்லை. விண்டோஸின் பவர்ஷெல் முனையத்திலும் இதே கதைதான். ஒற்றை மேற்கோளைப் பயன்படுத்தலாம், ஆனால் விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் ஒற்றை மேற்கோளுக்கு மதிப்பில்லை. இந்தக் குழப்பங்களைத் தவிர்க்க, கிட் கான்ஃபிக் கட்டளைக்கு எடிட் என்ற தெரிவைக் கொடுத்து, அமைவுக் கோப்பைத் திருத்தியில் திறந்து நேரடியாக எழுதுவதே பாதுகாப்பானது. அங்கும் இரண்டு விதிகள் உண்டு. மதிப்புக்குள் வரும் இரட்டை மேற்கோளுக்கு முன் பின்சாய்கோடு இட வேண்டும். விண்டோஸ் பாதைகளில் பின்சாய்கோட்டுக்குப் பதிலாக முன்சாய்கோட்டை எழுத வேண்டும், இல்லையேல் ஒவ்வொன்றையும் இரட்டிக்க வேண்டும். பெயரில் இடைவெளி உள்ள கோப்புகளும் வரும் என்பதால் $பேஸ் முதலிய நான்கையும் தனித்தனியே மேற்கோளுக்குள் வைக்கவும் மறக்காதீர்கள்.

ஆனால் உங்கள் நேர்வில் இவை எதுவுமே தேவைப்பட்டிருக்காது. பியாண்ட் கம்பேரைக் கிட் ஏற்கெனவே அறியும். மெர்ஜ்.டூல் என்பதற்கு பிசி என்று மதிப்புக் கொடுத்து, நிரல் வழக்கமான இடத்தில் இல்லையென்றால் மெர்ஜ்டூல்.பிசி.பாத் என்பதில் இடத்தை மட்டும் சொன்னால் போதும். சிஎம்டி என்பது கிட் அறியாத கருவிகளுக்கு மட்டும். கிட் மெர்ஜ்டூல் கட்டளையை டூல்-ஹெல்ப் என்ற தெரிவுடன் இயக்கினால், அது அறிந்த கருவிகளின் பட்டியலும் அவற்றில் எவை உங்கள் கணினியில் இருக்கின்றன என்பதும் தெரியும். கைப்பட எழுதத் தொடங்குவதற்கு முன் எல்லோரும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னொன்று, பியாண்ட் கம்பேரில் மும்முனை ஒன்றிணைப்பு புரோ பதிப்பில் மட்டுமே உண்டு.

முன்கூட்டியே கேள்வி வந்து நிற்பதற்குக் காரணம் வேறு. பல வரைகலை நிரல்கள் ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்திடம் வேலையை ஒப்படைத்துவிட்டு உடனே வெளியேறிவிடும். கிட்டோ தான் அழைத்த நிரல் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். பியாண்ட் கம்பேருடன் வரும் பிகாம்ப் என்ற சிறிய நிரல் சாளரம் மூடப்படும்வரை காத்திருக்கும். நீங்கள் முதன்மை நிரலை நேரடியாக அழைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு வெயிட் என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும்.

அது காத்திருந்தாலும்கூட, கைப்பட எழுதிய சிஎம்டி அமைவில் அக்கருவி முடியும்போது வெற்றியா பிழையா என்று திருப்பித் தரும் முடிவுக் குறியீட்டைக் கிட் இயல்பாக நம்பாது. கோப்பின் மாற்ற நேரத்தைப் பார்த்து, மாறவில்லை என்று தோன்றினால் உங்களிடம் கேட்கும். டிரஸ்ட்எக்ஸிட்கோட் என்பதை இயக்கினால் கேட்காது. ஆனால் சேமிக்காமல் மூடும்போது பிழைக் குறியீட்டைத் திருப்பித் தரும் கருவிக்கு மட்டுமே அதை இயக்குங்கள். எப்போதும் சுழியத்தை (வெற்றி என்பதன் குறியீட்டை)த் திருப்பித் தரும் கருவிக்கு இயக்கினால், மோதல் குறிகள் உள்ளேயே இருக்கும் கோப்பும் தீர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

பழங்கிளை எழுதியது:

எல்லோரும் மோதல் வந்தபின் எப்படித் தீர்ப்பது என்றே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் குழுக்கள் தீர்க்கும் மோதல்களில் பெரும்பகுதி மனிதர் கண்ணுக்கே வந்திருக்கக் கூடாதவை. சார்புப் பொதிகளின் பூட்டுக் கோப்பு (எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு என்று பொதி மேலாளர் என்ற நிரல் எழுதிவைப்பது), மாற்றப் பட்டியல், தானாக உருவாக்கப்படும் கோப்புகள் ஆகியவற்றை எந்த நான்கு பலகக் கருவியில் திறந்தாலும் பொருளில்லை. பூட்டுக் கோப்பை வரிவரியாக இணைப்பவர் பொதி மேலாளர் ஒருபோதும் உருவாக்கியிராத ஒரு கோப்பைத்தான் படைக்கிறார். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, பொதி மேலாளரை மீண்டும் ஓடவிடுவதே முறை.

இதற்குக் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் இன்ன பெயருள்ள கோப்புக்கு இன்ன மெர்ஜ் இயக்கி (கோப்பை இணைத்துத் தரும் நிரல்) என்று எழுதி வைக்கலாம். மாற்றப் பட்டியலுக்கு யூனியன் என்ற உள்ளமைந்த இயக்கி இருக்கிறது. அது இரு பக்க வரிகளையும் வைத்துக்கொள்ளும். நாமே இயக்கி எழுதுவதென்றால், கிட் அதற்கு அடிப்பதிப்பு, நம் பதிப்பு, எதிர்ப்பதிப்பு ஆகிய மூன்று தற்காலிகக் கோப்புகளைக் கொடுக்கும். விளைவை நம் பதிப்பின் கோப்பிலேயே மேலெழுத வேண்டும், தீர்ந்தால் சுழியத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ரெரெரே வசதியையும் இயக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மோதலைத் தீர்த்த விதத்தை அது பதிந்துகொண்டு, அதே மோதல் மறுமுறை வரும்போது தானே பயன்படுத்தும். நீண்ட நாள் வாழும் கிளையை அடிக்கடி ரீபேஸ் செய்பவர்களுக்கு (மற்றக் கிளையின் நுனிமேல் தம் மாற்றங்களை மீண்டும் இடுபவர்களுக்கு) எந்தச் சாளரக் கருவியைவிடவும் இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நாற்சாளரம் எழுதியது:

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூனியன் இயக்கியை இவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்கக் கூடாது. ஒரே வரியை இருவரும் திருத்தியிருந்தால் இரண்டு வடிவமும் கோப்பில் நிற்கும், வரிகளின் வரிசைக்கும் உறுதியில்லை, எச்சரிக்கையும் வராது. ஒவ்வொரு வரியும் தனித்து நிற்கும் கோப்புக்கு மட்டுமே அது தகும். அமைவுக் கோப்புக்கு யாரேனும் அதைப் போட்டுவிட்டால் இருகிளையின் காலவரம்புக் கதையே மீண்டும் நடக்கும், இம்முறை மோதல் என்ற அறிவிப்புகூட இல்லாமல்.

ரெரெரேயும் அப்படித்தான். தவறாகத் தீர்த்ததையும் அது அதே விசுவாசத்தோடு நினைவில் வைத்திருக்கும். தவறு என்று தெரிந்ததும் ரெரெரே ஃபர்கெட் கட்டளையை அந்தக் கோப்பின் பெயரோடு கொடுத்து மறக்கச் செய்ய வேண்டும். தீர்த்த பதிவுகளை இயல்பாக 60 நாள்களும் தீர்க்காதவற்றை 15 நாள்களும் அது வைத்திருக்கும்.

பழங்கிளை எழுதியது:

யூனியன் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். நானும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன், ஏனெனில் இதில் ஏமாந்தவன் நான். "இந்தக் கோப்பில் எப்போதும் நம் பதிப்பே நிற்கட்டும்" என்று எண்ணி, எதுவும் செய்யாமல் வெற்றி என்று மட்டும் சொல்லும் ஓர் இயக்கியை அமைப்பார்கள். இரு பக்கமும் மாறிய கோப்புக்கு மட்டுமே கிட் இயக்கியை அழைக்கும். எதிர்ப்பக்கம் மட்டும் மாறியிருந்தால் இயக்கியிடம் கேட்காமலேயே எதிர்ப்பக்க மாற்றம் உள்ளே வந்துவிடும். ஆகவே அது காவலாகாது. தவிர, கிட்ஆட்ரிபியூட்ஸ் களஞ்சியத்தோடு எல்லோருக்கும் போய்ச் சேரும், இயக்கியின் வரையறையோ ஒவ்வொருவரின் தனி அமைவில் இருப்பது. புதிதாகச் சேர்ந்தவர் கணினியில் அந்த வரையறை இல்லாவிட்டால் கிட் ஓசையின்றி வழக்கமான முறைக்குத் திரும்பிவிடும்.

பின்னோடி எழுதியது:

ரீபேஸ் என்ற சொல் வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன். கருவியின் தலைப்பில் "லோக்கல்" என்று இருப்பதைக் கண்டு அது என் மாற்றம் என்று நம்பி, ஒரு நாள் வேலையை நானே அழித்திருக்கிறேன். மெர்ஜ் செய்யும்போது லோக்கல் என்பது நாம் நிற்கும் கிளை, ரிமோட் என்பது உள்ளே வரும் கிளை. ரீபேஸில் கிட் முதலில் எதிர்க்கிளையின் நுனிக்குப் போய் நின்றுகொண்டு, அதன்மேல் நம் கமிட்டுகளை (பதிந்துவைத்த மாற்றங்களை) ஒவ்வொன்றாக மீண்டும் இடுகிறது. ஆகவே அங்கே லோக்கல் என்பது எதிர்க்கிளையும் அதுவரை மீண்டும் இடப்பட்ட நம் கமிட்டுகளும் சேர்ந்தது. ரிமோட் என்பதுதான் நம் கமிட். அவர்ஸ், தெயர்ஸ் (நம்முடையது, அவர்களுடையது) என்ற தெரிவுகளும் அப்படியே இடம் மாறும். பெயர்களை நம்பாமல், நான் எழுதிய ஒரு வரி எந்தப் பலகத்தில் இருக்கிறது என்று பார்த்த பின்னரே இப்போதெல்லாம் கை வைக்கிறேன்.

வெள்ளிப்பாதரசம் எழுதியது:

மெர்க்யூரியல் கேள்விக்குப் பதில். அங்கே ஹெச்ஜிஆர்சி என்ற அமைவுக் கோப்பில் மெர்ஜ்-டூல்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு கருவிக்கும் ஆர்க்ஸ், ப்ரையாரிட்டி, ப்ரீமெர்ஜ், செக் போன்ற மதிப்புகளைக் கொடுக்கலாம். யுஐ பகுதியில் மெர்ஜ் என்பதில் விரும்பும் கருவியின் பெயரை எழுதலாம். கேடிஃப்3 உங்கள் இரு இயங்குதளங்களிலும் இருப்பதால், கிட்டுக்கும் மெர்க்யூரியலுக்கும் அதையே பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

மேற்கோள்குறி குறிப்பிட்ட முடிவுக் குறியீட்டுச் சிக்கலுக்கு மெர்க்யூரியலின் செக் என்ற மதிப்பு கிட்டைவிட நயமான விடை என்பது என் கருத்து. சேஞ்ச்ட் என்று கொடுத்தால் கோப்பு மாறாதபோது கேட்கும், கான்ஃப்ளிக்ட்ஸ் என்று கொடுத்தால் மோதல் குறிகள் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்கும். அடிப்பதிப்பைக் குறிகளுக்குள் காண விரும்பினால் மெர்ஜ்3 என்ற உள்ளமைந்த கருவி உண்டு.

சப்வெர்ஷன் என்ற இன்னொரு முறையில் இருப்பவர் யாரேனும் இதைப் படித்தால், ஹெல்ப்பர்ஸ் பகுதியில் உள்ள மெர்ஜ்-டூல்-சிஎம்டி என்பதற்குக் கோப்புகள் அடிப்பதிப்பு, எதிர்ப்பதிப்பு, நம் பதிப்பு, விளைவு என்ற வரிசையில் வரும் என்பதை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான கருவிகள் எதிர்பார்க்கும் வரிசை அதுவன்று. இடையில் ஒரு சிறிய ஸ்கிரிப்டை வைத்து வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

முனையவாசி எழுதியது:

மோதலே இல்லாமல் ஒன்றிணைந்தவற்றிலும் பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றுகிறார், இன்னொருவர் வேறொரு கோப்பில் அதைப் பழைய பெயரில் அழைக்கிறார். இரண்டும் வேறு வேறு கோப்புகள் என்பதால் மோதல் எழாது, நிரல் மட்டும் உடையும். மெர்ஜிராஃப் போன்ற, நிரலின் இலக்கணத்தை அறிந்து இணைக்கும் இயக்கிகள் வேண்டாத மோதல்களைக் குறைக்கும், ஆனால் இதைப் பிடிக்கா. ஒன்றிணைத்த பின் சோதனைகளை ஓடவிடுவதைத் தவிர இதற்கு வழியில்லை.

இருகிளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் முயன்று பார்த்தபின் எழுதுகிறேன்.

சிஎம்டி வரியை நீக்கிவிட்டு பிசி என்று மட்டும் கொடுத்ததும் பலகங்கள் நிரம்பின, சாளரத்தை மூடும்வரை கிட் காத்திருக்கவும் செய்தது. ஆனால் எங்களில் இருவரிடம் மட்டுமே புரோ பதிப்பு இருப்பதால் அதைப் பொதுவாக்கவில்லை. ஒரே கருவி என்ற எண்ணத்தையே கைவிட்டோம். அதற்குப் பதிலாக இசட்டிஃப்3 பாணி எல்லோருக்கும் கட்டாயம், தேர்ந்தெடுக்கும் கருவி அடிப்பதிப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம். நான்கு பேர் கேடிஃப்3க்குப் போனார்கள், மெர்க்யூரியல் களஞ்சியத்துக்கும் அதுவே. பூட்டுக் கோப்புக்கு இயக்கி எழுதாமல், கிட்ஆட்ரிபியூட்ஸில் மெர்ஜ் என்பதற்கு முன் ஒரு கழித்தல் குறியை மட்டும் இட்டோம். இப்போது அதில் மோதல் வந்தால் குறிகள் எழுதப்படாமல் நம் பதிப்பே நிற்கிறது, கோப்பு தீராததாகக் காட்டப்படுகிறது, பொதி மேலாளரை ஓடவிட்டு அதைச் சேர்க்கிறோம். கழித்தல் குறி களஞ்சியத்தோடு வருவதால் பழங்கிளை சொன்ன சிக்கலும் இல்லை.

காலவரம்பு மோதலை ஒரு சோதனைக் களஞ்சியத்தில் வேண்டுமென்றே உருவாக்கி, ஒவ்வொருவரும் தம் கருவியில் ஒருமுறை மெர்ஜாகவும் ஒருமுறை ரீபேஸாகவும் தீர்த்துக் காட்டினார்கள். ரீபேஸில் மூன்று பேர் தவறான பலகத்தைத் தேர்ந்தார்கள். பின்னோடிக்குத் தனி நன்றி.

இப்போது ஒரே ஒரு தொல்லை எஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் ஆரிஜ் என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பு கிடக்கிறது, நேற்று ஒருவர் அதையும் சேர்த்துக் கமிட் செய்துவிட்டார்.

மேற்கோள்குறி எழுதியது:

அது மோதல் குறிகளோடு கூடிய கோப்பின் காப்புப் பிரதி. மெர்ஜ்டூல்.கீப்பேக்கப் என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் தீர்ந்ததும் நீக்கப்பட்டுவிடும். ஆனால் கருவி புதிதாக இருக்கும் முதல் சில வாரங்களுக்கு அதை விட்டுவைத்து, அப்பின்னொட்டைக் கிட்இக்னோர் கோப்பில் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் பட்டியலில்) மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறாகச் சேமித்துவிட்டால் கிட் எழுதிய மூலக் குறிகள் அங்கே அப்படியே இருக்கும்.